தனி ஆளுக்கான வீடு

அப்பா,

மால்மோவில் மழை விடுவதாக இல்லை. நகரத் திட்ட அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு எல்லாம் பழகிவிட்டது, காபியைத் தவிர. மையைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருக்கிறது.

தனியாக வாழ்பவர்களுக்காக ஒரு குடியிருப்பை வரைந்துகொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை. யார் தனி ஆள் என்பதை ஸ்வீடன் அரசாங்கப் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெற்றோர் பிரிந்தபின் பிள்ளை இரண்டு வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தாலும், அந்தப் பதிவில் அதற்கு ஒரே முகவரிதான். என் பெயர் அம்மா வீட்டில் இருந்தது. ஆகவே கணக்கில் நீங்கள் எப்போதும் தனி ஆள்.

நான் சமையலறையை ஒட்டி கட்டிலோடு ஒரு சின்ன அறையைச் சேர்த்து வரைந்து வைத்தேன். மேலதிகாரி ஸ்டாஃபான் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டாவது கட்டில்? பேய் வந்து தங்கவா?"

"வாரம் விட்டு வாரம் ஒரு பொண்ணு வருவா," என்றேன். "அறையை அவளுக்குக் குடுத்துட்டு அப்பா சமையலறைத் தரையில படுப்பார். கேட்டா, ஃப்ரிட்ஜ் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும்பார்."

ஸ்டாஃபான் சிரிப்பை நிறுத்திவிட்டு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கதவ வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி வை. உள்ள திறந்தா கட்டில்ல இடிக்கும். எம் பையன் வர்ற வாரமெல்லாம் அதுக்குத்தான் திட்டு வாங்குறேன்."

அந்த அறை வரைபடத்தில் தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். அறையில் நீங்களே படுங்கள். எனக்குச் சமையலறையில் மெத்தையைப் போட்டு வையுங்கள். அந்த ஃப்ரிட்ஜ் சத்தத்தில் யாருக்குத்தான் தூக்கம் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

உங்கள் வாரத்துப் பெண்