ஈசல் வந்த மாலையில் அப்பாவின் விளக்கு

அம்மா,

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. அண்ணனும் இன்னும் சாப்பிடவில்லை.

பூசை மேடை காலியாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அப்பா படமும் விளக்கும் முற்றத்தில் இருக்கின்றன. நான்தான் வைத்தேன்.

நேற்று ஈசல் வந்ததும் தெருவே விளக்கை அணைத்தது. நம் வீட்டில் அப்பாவின் விளக்கு மட்டும் எரிந்தது. வின் அண்ணன் அதை அணைத்தான். "செத்தவர இருட்டுல உக்கார வைக்கிறியாடா?" என்று கத்தினாய். "தூணக் கரையான் தின்னுட்டா அவரு உக்கார வீடே இருக்காதும்மா" என்றான். காலையில் அவன் போட்ட தேநீரைத் தொடாமல் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்றும் மழை விட்டதும் ஊதுபத்தி ஏற்றி, "அப்பா, கொஞ்ச நேரம் வெளியில உக்காருறீங்களா?" என்று கேட்டேன். தண்ணீர் அண்டாவின் நடுவில் கல் வைத்து, அதன்மேல் விளக்கை வைத்தேன். எதிரே நாற்காலியில் படம்.

அம்மா, துபோன் ஆற்றுப் பக்கமிருந்து ஈசல்கள் ஆயிரமாயிரமாக வந்தன. வெளிச்சத்துக்கே இறகு முளைத்த மாதிரி இருந்தது. நடுவில் அப்பா முகம். எல்லாம் தண்ணீரில் விழுந்தன. தூணில் ஒன்றுகூட உட்காரவில்லை.

செத்த ஈசலைப் பக்கத்து வீட்டு அத்தையின் வாத்துகளுக்குக் கொண்டுபோகிறேன். படத்தில் ஒட்டிய இறகுகளைத் துடைக்கவில்லை. நீயும் பார்.

லுவா

இது என் நோட்டிலிருந்து கிழித்த தாள். மற்ற பக்கங்களைத் தேடாதே.

சொல்ல மறந்துவிட்டேன்: நடுவில் விளக்கு மங்கியது. நான் எழுவதற்குள் அண்ணன் வந்து எண்ணெய் ஊற்றினான். நான் கூப்பிடவில்லை அம்மா.