கேட்டால் கொடுக்கும் ராஜாக்கள்

தை 4, திங்கள்

வாடைக் காற்று. துவைத்தது ஒன்றும் காயவில்லை. வீட்டுக்காரருக்கு இன்று ஆஸ்பத்திரி. எலும்பு கூடி வருகிறதாம், கட்டு இன்னும் மூன்று வாரம். வலது கை. படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டது.

பஸ்ஸில் இடது கை விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தார். என்ன யோசனை என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை எங்கள் பாடு.

ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஊரில் எல்லாருக்கும் முறை உண்டு, அதுதான் பாடு. எங்கள் முறை இருபது நாளைக்கு ஒரு தடவை. கை உடைந்ததிலிருந்து இரண்டு தடவை விட்டாயிற்று. மூன்றாவதும் விட்டால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பேரைத் திரும்பச் சேர்த்து நான் பார்த்ததில்லை. படகு இருக்கிறது, வலை இருக்கிறது. இழுக்க நாலு ஆள் வேண்டும். கேட்டால் வருவார்கள். இவர் கேட்க மாட்டார்.

"எவன் கிட்டயும் போயி நிக்க மாட்டேன்."

சரி, நிக்காதீங்க.

மதியம் கரண்ட் இருந்தது. இரண்டு மணி நேரம் கேம். லேப்டாப் பிளஸ் டூவில் இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி செத்துப்போயிற்று, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கேம், காலேஜ் சினேகிதி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. ஐந்து நாடு. ஒன்று நான். மற்ற நாலு ராஜாவையும் கம்ப்யூட்டரே ஆடும். இன்று சண்டை போடாமல் கேட்டே வாங்கியது:

தாடிக்கார ராஜாவிடம் இரும்பு உருக்கும் வித்தை. சும்மா.
பச்சைச் சேலை ராணியிடம் குதிரை. சும்மா.
வரைபடம் பாதி. யார் கொடுத்தது என்று மறந்துவிட்டது. அதுவும் சும்மாதான்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, பிச்ச எடுத்தே ஜெயிச்சிடுவியா?" என்றார்.

ஜெயிப்பேன். அதிலென்ன வெட்கம்?

தை 5, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. சாம்பார், நேற்றைய சுறாப் புட்டு.

நாலு மாதம் ஆடிக் கண்டுபிடித்ததை எழுதி வைக்கிறேன். ராஜா படம் சிரித்த முகமாக இருக்கும்போதுதான் கேட்கணும். முறைக்கிறவனிடம் கேட்டு வாயைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அவனிடம் மிதமிஞ்சிக் கிடப்பதைக் கேட்கணும். ஒன்று வாங்கினால் கொஞ்ச நாள் சும்மா இருக்கணும். பெரிய ராஜாதான் தாராளமாகக் கொடுப்பான், சின்ன நாட்டைப் பார்த்து அவனுக்கு என்ன பயம்? முக்கியமானது: அவர்களாக எதையும் தர மாட்டார்கள். வாய் திறந்து கேட்கணும். இது தெரியாமல் முதல் மாதம் பூரா தோற்றேன்.

துணி மடிக்கும்போது தோன்றியது, ஊரிலும் இப்படி முகம் பார்த்தால் என்ன?

எழுமலை மாமா, பக்கத்து வீடு: சிரித்த முகம். கேட்டால் வருவார், மகன் சேகரையும் கூட்டி வருவார். ஆள் இரண்டு.
தனசேகர், பாபு: சிரிப்பும் இல்லை முறைப்பும் இல்லை. தேசப்பன் படகில் போகிறவர்கள். அவன் தலையசைத்தால் வருவார்கள்.
தேசப்பன்: முறைப்பு. முழு முறைப்பு.

தேசப்பன் இவருடைய சித்தப்பா மகன், இவருக்கு இளையவன். இரண்டு வருஷம் முன்னால் இவர் ஆறு மாதம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். ஊர்க் கூட்டத்தில் இவன் எழுந்து நின்று, "அங்க வேலைக்குப் போறவனுக்கு ஏரில எதுக்குப் பாடு?" என்று கேட்டான். அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். கழுத்து வலிக்காதா என்று நினைப்பேன்.

தை 6, புதன்

எழுமலை மாமா உடனே சரி என்றார். "இத கேக்கவா இத்தினி தயக்கம்? சனிக்கெழம வெடிகாலைல வந்து நிக்கிறோம் போ."

தயக்கமா? எனக்கா?

பாபு வலை பிரித்துக்கொண்டிருந்தான். "தேசப்பன் இன்னா சொல்றான்னு பாத்துக்கினு சொல்றேங்கா." தனசேகரும் அதே பாட்டு.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். ஒன்று கிடைத்த தைரியத்தில் நேராக ஏலம் விடுகிற இடத்துக்கே போய்விட்டேன். தேசப்பன் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிப் பத்துப் பேர். கேட்டேன்.

நிமிரவே இல்லை. "அண்ணி, அண்ணனுக்குக் கைதான ஒடஞ்சிது? வாயுமா ஒடஞ்சிது?"

பத்துப் பேரும் சிரித்தார்கள்.

கோபம். பாதி அவன் மேல், பாதி என் மேல். நேற்றுதான் எழுதினேன், முறைக்கிறவனிடம் கேட்காதே என்று. மை கூடக் காயவில்லை.

நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது.

"நீ ஏன் போன?"

"நீங்க போவல, அதான்."

சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் சாப்பிட்டேன். இரண்டு பேரும் பட்டினி கிடந்தால் யாருக்கு என்ன லாபம்?

தை 7, வியாழன்

காற்று இறங்கிவிட்டது. ஏரி தட்டு மாதிரி கிடக்கிறது.

காலையில் கேமில் நாலு பேரும் கைவிரித்தார்கள். தாடிக்காரர் கூட. என்ன செய்தேன் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாடிக்காரரே வந்து தானியம் கேட்டார். வழக்கம்போல முடியாது என்று அமுக்கினேன். முகம் இன்னும் கறுத்தது.

அப்போது பின்வாசலில் கௌரி. தேசப்பன் பெண்டாட்டி. இரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? பேஜாரா இருந்தா வோணாம்."

பொன்னேரியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாளாம். புதன்கிழமை பரீட்சை. டைப் அடித்துப் பழக எதுவுமில்லை, போனில் விரல் பழகவில்லை. அதுவரைக்கும் லேப்டாப் வேண்டும்.

"தேசப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நேத்து அது அப்பிடிப் பேசினத கேட்டுட்டு, உன் மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்னு நெனச்சேன். வேற யார் கிட்ட இருக்குது சொல்லு?"

நேற்று பத்துப் பேர் முன்னால் நின்றேனே, அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவள் கதவுப் பக்கத்தில் அப்படித்தான் நின்றாள். முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தேன்.

அவள் தெருமுனை தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து கரண்ட் போகவில்லை, அணைக்காமலே ஆடியதில் கேமை சேவ் பண்ணவே இல்லை. இரும்பு போச்சு, குதிரை போச்சு, பாதி உலகம் போச்சு.

இன்னொன்றும் உறைத்தது. நாலு மாதத்தில் அவர்களிடம் எத்தனை வாங்கியிருப்பேன்! அவர்கள் கேட்டு நான் ஒன்றாவது கொடுத்திருக்கிறேனா? ஒன்று கூட இல்லை. என்ன ராணி நான்!

தை 8, வெள்ளி

கை பரபரக்கிறது. அலமாரியைத் துடைத்தேன். இரண்டு தடவை.

பாபு, தனசேகர் இரண்டு பேரும் கண்ணில் படவில்லை. ஒளிகிறார்கள்.

இவர் விடிந்ததிலிருந்து முற்றத்தில் வலை பார்க்கிறார். இடது கை, பல், கால் கட்டைவிரல் எல்லாம் வைத்து ஒரு கிழிசலை முடிந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பார்க்கப் பொறுக்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன். அழுகை வந்தது, எழுதினால் என்ன, வந்தது.

பிறகு டீ கொண்டுபோய் வைத்தேன்.

"ஆளு வருவாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வருவாங்க."

என்னைப் பார்த்தார். டீயை எடுத்துக் குடித்தார். அந்த மனுஷனின் பேர் அந்தப் பட்டியலில் இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

தை 9, சனி

விடிகாலை பனி. எழுமலை மாமாவும் சேகரும் சொன்னபடி வந்து நின்றார்கள். படகு தயார், வலை ஏற்றியாயிற்று. அடுத்த முறைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பொழுது ஏறினால் பாடு அவர்களுக்கு. கிழக்கே மட்டும் பார்த்தபடி இருந்தார்கள்.

தலை தெரிந்தது. பாபு. பின்னால் தனசேகர். அவர்களுக்கும் பின்னால் தேசப்பன்.

என்னிடம் வந்து நின்றான். "லேப்டாப்புக்காக வரல அண்ணி. அப்பிடி நெனச்சிக்காத."

நான் ஒன்றும் கேட்கவில்லையே!

ஐந்து பேரும் படகைத் தள்ளி ஏறினார்கள், இவர் என்னோடு கரையில். கரையிலிருந்து குரல் எட்டும் தூரத்தில் தேசப்பன் கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டான். வலை இறங்கவில்லை. பொழுது ஏறிக்கொண்டிருக்கிறது.

அவன் எங்களைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "பாடு யாருதோ அவன் எடம் சொல்லாம வலைய எறக்க மாட்டேன்."

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

கட்டுக் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால். இடுப்பு. நின்றார். இரண்டு வருஷம் கழித்து அவனிடம் முதல் வார்த்தை:

"இன்னும் வடக்க போடா!"