சாக்கடைக்கு மூடி வந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

எங்கள் தெருவில் மூடியில்லாத சாக்கடையில் கால் லேசாகப் பிசகியது. பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நகராட்சி ஆப்பில் படத்தோடு புகார் போட்டேன். மறுநாளே 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. குழியோ வாயைப் பிளந்தபடியே கிடந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரக்கா சிரித்தார். "ஒருத்தி சொன்னா அதுக்குக் காது கேக்காது. வா, எல்லாரையும் புகார் போட வைப்போம்."

"நான் வெளியூர்க்காரி. என் பேச்சை யாரு கேப்பாங்க, அக்கா?"

"இந்தத் தெருவுலதானே விழுந்தே?"

நொண்டிக்கொண்டே அவரோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆப் பழக்கமில்லாதவர்களுக்கு நானே போட்டுக்கொடுத்தேன். பிறகு எல்லாருமாக அலுவலகத்துக்கே போய் நின்றோம்.

"யார் புகார் குடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க தெரு," என்றார் அக்கா.

அந்த வாரமே மூடி வந்துவிட்டது.

இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னிடம் நின்று பேசியதில்லை. இப்போது கால் எப்படி என்று கேட்கிறார்கள். வலி போய்விட்டது, ஆனாலும் கொஞ்சம் இருக்கிறது என்றே சொல்கிறேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்புங்கள்.

தெருவிளக்கு விஷயமாகக் கீழே கூடியிருக்கிறார்கள். அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்