லீனா வீட்டில் பார்த்த படம்

அக்கா,

கீழ் வீட்டு லீனா இன்று நேற்றைய சோற்றை உள்ளி போட்டுப் பொரிக்கிறாள். மணம் படியேறி வந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடினேன், அதற்குள்ளும் வந்தது. உங்களுக்கு முதலில் இது பிடிக்காது. பிலிப்பினோக்காரர் விடியக் காலையிலேயே உள்ளியில் தொடங்கிவிடுவார்கள் என்று மூக்கைப் பொத்துவீர்கள். பிறகு சோற்றுக் கோப்பையோடு முதல் ஆளாகக் கீழே இறங்குவதும் நீங்கள்தான்.

நீங்கள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தக் குளிர்காலம் நினைவு வருகிறது. நாங்கள் குடியிருக்கிற சீசாப் பகுதியில் எங்கள் ஆட்கள் யார் கேட்டாலும் தடிமன் என்பீர்கள். அப்படியொரு தடிமனை நான் கண்டதில்லை. தும்மலும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. சீப்பெடுத்துத் தலை இழுக்கவில்லை, கறி வைக்கவில்லை, என்னைப் பகிடி பண்ணவில்லை. அந்தக் கடைசிதான் என்னைப் பயப்படுத்தியது. கோயில் நூல் கொண்டுவந்தேன், அதையும் பேசாமல் கட்டவிட்டீர்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் லீனா தங்கள் நாட்டுப் படம் பார்க்கக் கூப்பிட்டாள். உங்களை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

படத்தில் ஒரு தாய்க்குப் பிறந்தநாள். வீடு நிறையச் சனம். மூத்த மகள் தன் காதலியைக் கூட்டி வருகிறாள். ஓம், பெண்தான். தாய் கொஞ்சம் முகத்தைச் சுழித்துவிட்டு அவளுக்கும் சோறு போடுகிறாள். இளைய மகன் மட்டும் அறையை விட்டு வரவேயில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவனுக்குத் தடிமன் என்கிறாள் தாய். லீனா அதை இத்தாலியனில் சொன்னாள், நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்குத் தடுமாறியது. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

பிறகு உங்களிடமிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. மகளின் காதலியைச் சபையில் உட்காரவைக்கிற தாய், மகனின் வருத்தத்தை மட்டும் ஏன் மறைக்கிறாள்? லீனா யோசித்தாள். காதலிக்கு ஒரு முகம் இருக்கிறது, இந்த வருத்தத்துக்கு எதைக் காட்டுவது என்றாள். தன் தம்பிக்கும் டெப்ரெசியோனே என்கிற மனச்சோர்வு வருத்தம் இருந்ததாம், மருந்து எடுத்தானாம், இப்போது பஸ் ஓட்டுகிறானாம்.

அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாததல்ல. பொலிதேயாமா பக்கம் நாங்கள் துடைக்கிற பணக்கார வீடுகளில், வீட்டுக்காரச் சின்யோராக்களின் கட்டிலடி மேசை லாச்சிக்குள் அதற்கான குளிசைகள் கிடக்கும். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு வருகிற வருத்தம் என்று நீங்களே சிரித்திருக்கிறீர்கள். அன்று சிரிக்கவில்லை. படத்தில் அந்தக் குடும்பம் கையால் சோறு அள்ளித் தின்பதையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

"இவையளும் எங்களைப்போலை சோறு தின்னுற சனந்தானே. இவையளுக்கும் உந்த வருத்தம் வருமோ?"

படம் முடிந்தது. படியேறும்போது பாதியில் நின்றீர்கள்.

"எனக்குத் தடிமன் இல்லைப் பிள்ளை. நாளைக்கு டொட்டோரேயிட்டை என்னோடை வாறியோ?"

வந்தேன். மெல்ல மெல்லச் சுகம் வந்தது. பகிடியும் வந்தது, போதும் போதும் என்று நான் கும்பிடும் அளவுக்கு.

எனக்கு இன்னும் விளங்காத ஒன்று உண்டு. யார் சொல்லியும் அசையாத உங்களை, மொழியே தெரியாத ஒரு படம் எப்படி எழுப்பியது? அதே கதையை ஒரு சின்யோராவின் வீட்டில் எடுத்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பீர்கள். சோறுதான் காரணமா? அந்தத் தாயின் பொய்யா? கேட்டிருக்கலாம். இருக்கிறீர்கள்தானே, பிறகு கேட்போம் என்று விட்டுவிட்டேன்.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனதிலிருந்து நானும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறேன், அக்கா. நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவிடம் எனக்குத் தடிமன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உள்ளி மணம் போகவில்லை. எழும்பி போனை எடுத்தேன். எனக்குத் தடிமன் இல்லை, சின்யோரா என்றேன். சின்யோரா தானும் போகிற டொட்டோரேயின் பெயரைச் சொன்னார்.

நாளைக்குப் போகிறேன். லீனாவைக் கூட வரச்சொல்லிக் கேட்கவேண்டும். உங்கள் கோப்பையைக் கழுவி எடுத்துவிட்டேன், கீழே இறங்குகிறேன்.