மலைப்பாம்பின் கால்

தேர்வாய் கண்டிகை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இளமதிக்கு,

பார்த்திபன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். இங்கே விடாத மழை, வயலில் முழங்கால் தண்ணீர். அங்கே குஜராத்தில், கட்ச்சில் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் போடாமல் பாறை வெட்டப் போகாதே. போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மழைக்கு ஒதுங்கி, எங்கள் கம்பெனி பைப் கிடங்கில் ஒரு மலைப்பாம்பு புகுந்துவிட்டது. வேலை நின்றது. யாரோ கற்பூரமே ஏற்றிவிட்டார்கள். வனத்துறை ஆட்களோடு வந்த பாம்பு பிடிக்கும் கலியன் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு, வாலுக்கு ஆள் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாறைக்குள் பழங்காலப் பாம்பு எலும்பைத் தேடி ஆராய்ச்சி செய்கிறவளின் புருஷனாயிற்றே. பாம்பென்றால் படையும் நடுங்கும், நான் எம்மாத்திரம்? ஆனாலும் பிடித்தேன். வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும், கோழிக்குஞ்சின் நகம்போல ஏதோ கையில் குத்தியது.

கல்யாணமான புதிதில் சொன்னாயே, காலுள்ள பல்லி இனத்திலிருந்து வந்ததுதான் பாம்பு, முன்னங்கால் முதலில் போனது, பின்னங்கால் பிறகு என்று. நான் கொட்டாவி விட்டேன். அந்தக் காலின் மிச்சம்தான் அன்று என் கையில் இருந்தது.

கலியன் அண்ணன், "இது நடக்கறதுக்கு இல்ல பார்த்தி. ஆம்பள பாம்பு பொம்பளய இதாலதான் தடவும்" என்றார்.

கால் போன பாம்புகூட மிச்சத்தை வைத்துத் துணையைத் தொடுகிறது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வயிற்றில் இருந்தது கலைந்த அன்று நான் உன் கையைக்கூடப் பிடிக்கவில்லை. பாம்பு எலும்பைத் தோண்டிய தோஷம் என்று அம்மா சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது தப்பு, இளமதி.

பாம்பின் காலையும், அது போன கதையையும் அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர், "காலு போன சீவனோட எலும்பத் தேடிக்கினு போனவள தோசம் இன்னாடா பண்ணும்? நான்தான் வாய உட்டுட்டேன்" என்றார். இந்த வெள்ளிக்கிழமை உன் பேரில் பால் ஊற்றினார். உனக்கு எலும்பு முழுசாகக் கிடைக்க வேண்டுமாம்.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று நீ கேட்டு ஒரு மாதமாகிறது. இரு. ஆராய்ச்சியை முடித்துவிட்டே வா. பொங்கலுக்கு எனக்கு நாலு நாள் லீவு. பாறை வெட்டத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியும். வா என்று ஒரு வார்த்தை எழுது, ரயில் ஏறிவிடுகிறேன்.

நன்றாக இரு.

உன்,
பார்த்திபன்