பத்துக்கு ஒன்பது வாங்கிய ஒப்பாரி

12 ஆகஸ்ட் 2004, வியாழன்

மாடியில் குடியிருக்கும் கார்த்திக் சாயங்காலம் ஒரு சி.டி. கொண்டுவந்தான். கம்பெனி வேலை போக, பிளாக் மெட்டல் என்கிற காட்டுக்கத்தல் ராக் பாட்டுகளுக்கு இன்டர்நெட்டில் விமர்சனம் எழுதுகிறவன்.

"நம்ம கிராமியப் பாட்டு கலந்தது சார். என் ஃபிரெண்ட்ஸ் பண்ணது. பத்துக்கு ஒன்பது குடுத்திருக்கேன். கேட்டே ஆகணும்."

கேட்டேன். கிட்டார் இரைச்சலும் தொண்டை கிழியும் கத்தலும் எனக்குத் தொந்தரவில்லை. எட்டாம் வகுப்பை மேய்த்த வாத்தியார் நான். பறை சேர்ந்தபோது கால்கூடத் தாளம் போட்டது. பிறகு ஒரு பெண்குரல், "என் ராசா முருகேசா" என்று ஒப்பாரி வைத்தது. அது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியின் குரல். போன மாதம் ஈஜிபுராவில் அவள் வீட்டில் நடந்த மகன் முருகேசனின் சாவுக்குக் கார்த்திக்கும் என்னோடு வந்திருந்தான்.

"அன்னைக்கு நீ ரெக்கார்ட் பண்ணியா?"

"ஆமா சார். பாட்டுலயே பெஸ்ட் இடம் அதான். ரிவ்யூலயும் எழுதியிருக்கேன்."

"செல்வியைக் கேட்டியா?"

"அவங்க அழுதுட்டு இருந்தாங்களே, எப்படி சார் கேக்கறது?"

கோயில் வாசலில் செருப்புத் திருடுகிறவன்கூட யாரும் பார்க்காத நேரம் பார்ப்பான். இவன் பிணத்தின் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறான். அந்த இடத்தை நீக்கச் சொன்னேன்.

"இந்தச் சத்தத்துல அவங்களுக்கே அடையாளம் தெரியாது சார்" என்று சிரித்தான்.

எனக்கே தெரிந்ததே. பெற்றவளுக்குத் தெரியாதா?

காலையில் அவள் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில்தான் இவன் மாடியில் பாட்டுப் போடுவான்.