அந்தச் சுவரில் வரைந்தது நீதான்

அன்பு மகள் விஜ்தானுக்கு, உன் தகப்பன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் உன் அம்மா நலம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை. எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறதே என்று திகைக்காதே, வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன். உன் மாமா எல்லை தாண்டித் துனிஸுக்குப் போகும்போது இதைக் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போடுவார், அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் டீயில் மூன்று கரண்டி போடுவதை நிறுத்தவில்லை, நான் சொன்னால் முறைக்கிறாள். தண்ணீர் மோட்டார் மறுபடியும் எரிந்துபோனது. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை, என் ஓவிய அறையில் படைக்காரர்கள் குண்டுப் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள், முப்பத்தொரு வருஷமாகக் கணக்கு வாத்தியாரிடமிருந்து நான் காப்பாற்றிய அறை கடைசியில் இந்தத் தடியன்களிடம் போய்ச் சேர்ந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை மகன் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தாயே, மறுநாள் காரில் போகும்போது மாவு ஆலைச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாயே, நிவாரண மாவு மூட்டைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்கிற, இந்தப் படைக்காரர்களின் கமாண்டர். அப்போது அவன் பல் வைத்தியத்துக்கு வெளியூர் போயிருந்தான், அவனுடைய ஆட்களும் கண்டுகொள்ளவில்லை. நீ விமானம் ஏறின மூன்றாம் வாரம் அவன் வந்து பார்த்தான். ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களை எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் இழுத்துவரச் சொன்னான், என்னையும் பெயர்ப் பலகை எழுதுகிற இரண்டு பேரையும். யார் வரைந்தது என்று கேட்டான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பேன். என் வாய் சும்மா இருந்ததா? படத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கண்ணுக்கு மேலே, நெற்றி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னுமா காத அங்க வைக்கிற கழுத, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் மகளே.

அப்படிக் காது வைக்கிறவள் என்னிடம் படித்தவர்களில் ஒருத்திதான். ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று வருஷம் அவள் காதைத் திருகித் திருகி, தொட்டுப் பாருடி, கண்ணுக்கு நேரா இருக்கா இல்லையா, என்று கத்தியிருக்கிறேன், ஒரு நாள் ரத்தம்கூட வந்தது. பெயர் எழுத மாட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், புருஷனைப் போன வருஷம் இவர்கள்தான் கொண்டுபோனார்கள், மூன்று குழந்தைகள், மூத்ததற்கு ஆறு வயது. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆலைக்குள் கொண்டுபோய் என் கையை மேசையில் வைத்து அமுக்கினார்கள். இரும்புக் குழாயை எடுத்தவன் புரைக், அவனும் என்னிடம் படித்தவன்தான், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் உஸ்தாத் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடித்தான். முதலில் சுண்டுவிரல் போனது. உஸ்தாத், நீங்க ஸ்கேல் விளிம்பால விரல் முட்டியிலேயே போடுவீங்களே, நான் ஒரு நாளாவது அழுதேனா, நீங்க என்ன இப்படிக் கத்துறீங்க, என்றான். மோதிர விரல் போனது. நடுவிரலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் வீரன் இல்லை விஜ்தான், அவள் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, இன்னொரு அடி விழுந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர்கள் நம்புகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும், ஆனால் அந்த ஆள் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. உன் பெயரைச் சொன்னேன்.

பத்துக்கு நாலுக்கு மேல் நான் உனக்கு மார்க் போட்டதே இல்லை, பூனை வரையச் சொன்னால் தலையணை வரைவாய், அவர்களிடம் நீ பெரிய ஓவியக்காரி என்று சத்தியம் பண்ணினேன். கல்யாணத் தேதியை விசாரித்தார்கள், நீ வந்து போனதை விசாரித்தார்கள், நம்பிவிட்டார்கள். கனடாலேருந்து வந்து என் மூஞ்சில மாவு பூசிட்டுப் போனாளா, திரும்பி வரட்டும், அவ கைய இதே மேசையில வைக்கிறேன், என்றான் கமாண்டர். விமான நிலையத்திலும் எல்லையிலும் உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். துனிஸுக்கு வந்தாவது பார்க்கலாமே என்று நினைப்பாய், என் பாஸ்போர்ட்டையும் அம்மாவுடையதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் அக்டோபருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

அம்மாவிடம் சொன்னபோது, ரெண்டு தெரு தள்ளி இருக்குற புள்ளைங்களுக்கு அம்மா வேணும்னு எம் புள்ளையக் கொடுத்துட்டு வந்தீங்களா, என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். நேற்றுக் காலை அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. எப்படியோ தெரிந்திருக்கிறது. என் கட்டைப் பார்த்து அழுதாள். நானே போய் ஒத்துக்குறேன் உஸ்தாத், விஜ்தான் அக்கா வந்து போகட்டும், பசங்கள மட்டும் நீங்க பாத்துக்குங்க, என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா எழுந்துபோய் அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள், குழந்தைகள் அலறிவிட்டன. எம் பொண்ணக் கொடுத்து வாங்குன உசுருடி இது, நீ போய் அதத் தூக்கிக் குடுத்துட்டு வந்தேன்னா நானே உன்னக் கொன்னுடுவேன், என்றாள். பிறகு அந்த மூன்றையும் உட்காரவைத்து அடுப்பில் இருந்த மக்ரோனியை முழுக்கப் போட்டாள், எங்கள் இரண்டு பேருக்கும் மதியம் ரொட்டிதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தரட்டும். கோபம் வந்தால் என்மேல் வை, அம்மாமேல் வைக்காதே, அவளுக்கு வாரம் தவறாமல் போன் பண்ணு, குரலையாவது கேட்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: ஊரிலிருந்து யார் கேட்டாலும், சொந்தக்காரர்களே கேட்டாலும், ஆமாம், நான்தான் வரைந்தேன் என்று சொல், நன்றாக இருந்ததா என்றும் கேள்.

உனக்கு மனசாட்சி என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்த தகப்பன்,
மிஃப்தா